ஆண்டி ரீட் விஷயத்தில் பிலடெல்பியாக்காரர்களுக்கு ஏன் இன்னும் கோபம்?

புதுப்பார்வையாளன்:

வணக்கம். கன்சாஸ் சிட்டிக்குப் படிக்க வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அறை நண்பர்கள் புண்ணியத்தில் அமெரிக்கக் கால்பந்து பார்க்கப் பழகிவிட்டேன். இங்கே சீஃப்ஸ் பயிற்சியாளர் ஆண்டி ரீட்டுக்குக் கோயில் கட்டாததுதான் பாக்கி. பிலடெல்பியாவில் இருக்கும் என் மாமாவிடம் அவர் பேரைச் சொன்னால், “அந்த ஆளா? 14 வருஷம் எங்களைப் படுத்தின பாடு உனக்குத் தெரியாது” என்று ஆரம்பித்துவிடுகிறார். யார் சொல்வது சரி?

இன்னொரு சந்தேகம். கிரிக்கெட்டில் பயிற்சியாளர் நோட்டுப் புத்தகத்தோடு மாடியில் உட்கார்ந்திருப்பார், களத்தில் கேப்டன் பார்த்துக்கொள்வார். இங்கே ஏன் எல்லாப் பாராட்டும் திட்டும் பயிற்சியாளருக்கே போகிறது? அப்புறம், ஓட்டல் மெனு கார்டு மாதிரி ஒரு பெரிய தாளால் வாயை மூடிக்கொண்டு என்னதான் பேசுகிறார்?

டெலவேர்க்கரை:

தம்பி, உங்கள் மாமாவும் நானும் ஒரே கட்சி. 2001-இலிருந்து எங்கள் பிலடெல்பியா அணியான ஈகிள்ஸ் ஆட்டம் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

முதலில் அந்தத் தாள். அன்றைய ஆட்டத்துக்காக வாரம் முழுக்க உட்கார்ந்து தயாரித்த திட்டங்களெல்லாம் அதில்தான் இருக்கும். லேமினேட் செய்தது, மழையில் நனையாது. ஒவ்வொரு நகர்வையும் ரீட்டே தேர்ந்தெடுத்து, ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் வழியாகக் குவாட்டர்பேக்கின் (பந்தை வாங்கி எறிந்து, களத்தில் தாக்குதலை நடத்துபவர்) காதில் சொல்வார். இரண்டு நகர்வுகளுக்கு இடையே 40 விநாடிதான். அதில் 15 விநாடி மீதம் இருக்கும்போது ஸ்பீக்கர் தானாக அணைந்துவிடும். உதட்டசைவை எதிரணி படித்துவிடக் கூடாது என்றுதான் வாயை மூடுவது. கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்தையும் எங்கே போட வேண்டும் என்று பயிற்சியாளரே காதில் ஓதினால் எப்படி இருக்கும்? இது அப்படி. திட்டு ஏன் அவருக்குப் போகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆளைப் பற்றி. லாஸ் ஏஞ்சல்ஸ்காரர், 1958-இல் பிறந்தவர். 13 வயதில் சிறுவர்களுக்கான உதை, எறிதல் போட்டியில் கலந்துகொண்ட தொலைக்காட்சிக் காட்சி இணையத்தில் கிடைக்கும், அவசியம் பாருங்கள். மற்ற பையன்களுக்குப் பக்கத்தில் யாரோ ஒருத்தருடைய அப்பா வந்து நிற்கிற மாதிரி இருப்பார். பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் விளையாடினார். விளையாட்டுச் செய்தி எழுதப் போகலாம் என்று இருந்தவரைப் பயிற்சிப் பக்கம் திருப்பியவர் அங்கே பயிற்சியாளராக இருந்த லாவெல் எட்வர்ட்ஸ். அப்புறம் பத்து வருடம் கல்லூரி கல்லூரியாக அலைந்தார். சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட், வடக்கு அரிசோனா, எல் பாசோ, மிசூரி. 1992-இல் மைக் ஹோம்கிரன் கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு அழைத்துக்கொண்டார். அங்கே கடைசி இரண்டு வருடம் குவாட்டர்பேக் பயிற்சியாளர்.

1999-இல் எங்கள் ஊர் அவரைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியது. அதற்கு முன் தாக்குதல் பிரிவுக்கோ தற்காப்புப் பிரிவுக்கோகூட அவர் பொறுப்பாளராக இருந்ததில்லை. யார் இந்த ஆள் என்று எல்லாரும் கேட்டார்கள். வந்ததும், கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இரண்டாவது ஆளாகக் குவாட்டர்பேக் டோனவன் மெக்நாபை எடுத்தார். ரிக்கி வில்லியம்ஸ்தான் வேண்டும் என்று நியூயார்க் வரைக்கும் போய் உட்கார்ந்திருந்த எங்கள் ரசிகர்கள் அந்தப் பையனை மேடையிலேயே கூச்சலிட்டு அவமானப்படுத்தினார்கள். ரீட் கணக்குத்தான் சரி. 2001 முதல் 2004 வரை நான்கு பருவமும் தொடர்ந்து அரையிறுதி மாதிரியான மாநாட்டு இறுதி ஆட்டம். அதில் முதல் மூன்றும் தோல்வி, இரண்டு சொந்த ஊரில்.

நான்காவதில் ஜெயித்து, கோப்பைக்கான இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்கு ஜாக்சன்வில் போனோம். 2005 பிப்ரவரி 6. எதிரணி நியூ இங்கிலாந்து. 24-14 என்று பின்தங்கி இருக்கிறோம், 5 நிமிடம் 40 விநாடி மீதம், பந்து நம் கையில். இரண்டு முறை புள்ளி எடுக்க வேண்டும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்கள் ஆட்களோ சாவகாசமாகக் கூடிப் பேசி, நிதானமாக நடந்து போய் வரிசையில் நிற்கிறார்கள். அலுவலக நண்பர் வீட்டில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். டிவியைப் பார்த்து “ஓடுங்கடா” என்று நான் தமிழில் கத்தியதற்கு யாரும் அர்த்தம் கேட்கவில்லை. டச்டவுன் (பந்தோடு எதிராளியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது) வந்தது உண்மை, ஆனால் கிட்டத்தட்ட 4 நிமிடம் கரைந்துபோய் மீதம் 1:48. மறுபடி பந்து கிடைத்தபோது 46 விநாடி, அதுவும் நம் எல்லைக்கோட்டிலிருந்து 4 கஜம் தள்ளி. பந்தை எதிராளி பிடித்துக்கொண்டான், 24-21. உங்கள் மாமா சொல்கிற பாடு இதுதான்.

என் கட்சி என்னவென்றால், திங்கள் முதல் சனி வரை இவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஞாயிறு கடைசி ஐந்து நிமிடத்தில்தான் வம்பு. கடைசி வருடங்களில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஆட்களை எடுப்பது, விடுவது எல்லாம் அவர் கையிலேயே இருந்தது. தாக்குதல் வரிசைக்குப் பயிற்சி தந்துகொண்டிருந்த ஹுவான் காஸ்டியோவை 2011-இல் தற்காப்புப் பிரிவுக்கே தலைவர் ஆக்கினார். சமையல்காரரைக் கணக்குப்பிள்ளை ஆக்குவது மாதிரி. 2012 பருவத்தின் நடுவில் அவரையே நீக்க வேண்டி வந்தது. அந்த ஆகஸ்டில்தான் பயிற்சி முகாமிலேயே மூத்த மகனையும் இழந்திருந்தார். அதைப் பற்றி எங்களில் யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. 4-12, அதாவது 4 வெற்றி 12 தோல்வி என்று பருவம் முடிந்ததும் அணி அனுப்பிவிட்டது. ஒரு வாரத்துக்குள் உங்கள் ஊர் கொத்திக்கொண்டு போய்விட்டது.

ஓவர்லாண்ட்பார்க்:

டெலவேர் அண்ணன் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே வந்ததும் பாலும் தேனும் ஓடவில்லை தம்பி. முந்தின வருடம் 2-14 ஆக இருந்த அணியை எடுத்த எடுப்பில் 9-0 என்று தொடங்கிவைத்தார், சரி. அந்த ஜனவரி பிளேஆஃபில் கோல்ட்ஸ் அணிக்கு எதிராக 38-10 என்று முன்னே இருந்து 45-44-க்குத் தோற்றோம். 2018 ஜனவரியில் டைட்டன்ஸ் அணியிடம் 21-3-இலிருந்து 22-21. அதில் அவர்கள் குவாட்டர்பேக் எறிந்த பந்து நம் ஆள் கையில் பட்டுத் திரும்பி வர, அவனே பிடித்து டச்டவுன் போட்டான். அன்று அரோஹெட் மைதானத்தில் என் கால் விறைத்துப்போனது குளிரால் மட்டும் இல்லை.

மாற்றம் இரண்டு. ஆள் எடுக்கும் அதிகாரத்தை இங்கே பொது மேலாளரிடம் விட்டுவிட்டு அவர் பயிற்சியை மட்டும் பார்த்தார். இன்னொன்று குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ். 2017 டிராஃப்டில் 27-ஆம் இடத்திலிருந்து 10-ஆம் இடத்துக்கு ஏறிப் போய் எடுத்தார்கள். எடுத்தவரை உடனே இறக்காமல் ஒரு வருடம் அலெக்ஸ் ஸ்மித் பின்னால் உட்காரவைத்தார் பாருங்கள், அந்தப் பொறுமைக்குத்தான் நான் ரசிகன். மறு வருடம் 50 டச்டவுன் எறிதல்.

அவருடைய குறும்பு தெரிய வேண்டுமானால் 2020 பிப்ரவரி சூப்பர் பவுலின் முதல் கால்பகுதியைப் பாருங்கள். நான்காவது முயற்சி, அதாவது பந்தை வைத்துக்கொள்ளக் கடைசி வாய்ப்பு, ஒரு கஜம் வேண்டும். பின்னால் நின்ற நான்கு பேரும் திடீரென்று நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார்கள், கோலாட்டம் மாதிரி. எதிரணி என்ன ஏது என்று பார்ப்பதற்குள் பந்து நேராக டேமியன் வில்லியம்ஸ் கைக்குப் போய் 4 கஜம் கிடைத்துவிட்டது. 1948 ரோஸ் பவுல் என்ற கல்லூரி ஆட்டத்தின் படத்திலிருந்து எடுத்த நகர்வு அது. 72 வருடப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைத் தேடிப் பிடித்து, வாழ்நாளின் பெரிய ஆட்டத்தில் போட்டுப் பார்க்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? 31-20, தலைமைப் பயிற்சியாளராக அவருக்கு முதல் கோப்பை. அப்புறம் 2023-இலும் 2024-இலும்.

புதுப்பார்வையாளன்:

நன்றி. 2023-இல் அவர் தோற்கடித்தது ஈகிள்ஸைத்தானே? மாமாவிடம் கேட்டால் போனை வைத்துவிடுவார் போலிருக்கிறது.

டெலவேர்க்கரை:

கேட்காதீர்கள். 38-35, கடைசி 8 விநாடியில். இடைவேளையில் நாங்கள்தான் 24-14 முன்னால். போதாக்குறைக்கு, மீதமிருந்த நேரத்தை அன்று அவர்தான் அழகாகக் கரைத்தார். அதே மனுஷன்!

2025 பிப்ரவரி 9 ஆட்டத்தைக் கேளுங்கள், பேசுவார். இடைவேளையில் 24-0, முடிவில் 40-22 எங்களுக்கு. எங்கள் பயிற்சியாளர் நிக் சிரியானி முன்பு கன்சாஸ் சிட்டியில் உதவியாளராக இருந்தவர். 2013-இல் ரீட் வந்தபோது, உங்களுக்கு இங்கே இடமில்லை என்று அனுப்பிவைத்தார். அதைச் சொல்லி ஆரம்பித்தால் மாமாவிடமிருந்து நீங்கள்தான் போனைப் பிடுங்க வேண்டியிருக்கும்.