கோடை மழையில் மிளகாய் நாற்று சாய்கிறது

கேள்வி: நாலு நாளாகக் கோடை மழை. குழித்தட்டில் 12 நாள் மிளகாய் நாற்றுகள், அடித்தண்டு நீர்கோத்து மெலிந்து சாய்கின்றன. என்ன செய்யலாம்?

பதில் 1: நாற்றழுகல், பூஞ்சை போன்ற பித்தியம் என்ற நுண்ணுயிரின் வேலை. சாய்ந்தது பிழைக்காது, குழியில் உள்ள கலவையோடு எடுத்து எறியுங்கள். மற்றவற்றுக்கு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு (பூஞ்சைக்கொல்லி) கரைத்து வேர் நனைய ஊற்றுங்கள். தட்டை மழை படாத, வெளிச்சமுள்ள இடத்தில் செங்கல் மேல் வையுங்கள். அடித்துளை அடைபட்டால் எந்த மருந்தும் வீண்.

பதில் 2: காப்பர் ஊற்றிய கையோடு டிரைக்கோடெர்மா விரிடி போடாதீர்கள், அது நோயை அடக்கும் நல்ல பூஞ்சை, காப்பரில் செத்துவிடும். 15 நாள் இடைவெளி வேண்டும். அடுத்த விதைப்பில் கிலோ விதைக்கு 4 கிராம் விரிடி கலந்து விதையுங்கள். வீட்டளவுக்கு ஒரு சிட்டிகையே அதிகம். குழிக்கு ஒரு விதை போதும், நெருக்கினால் காற்றோட்டம் இருக்காது.

கேட்டவர்: அடியில் தண்ணீர்த் தட்டு இருக்கிறது. எடுத்துவிடவா?

பதில் 1: இப்போதே எடுங்கள்.