பழனி பாதயாத்திரை: முதல் நாள் எவ்வளவு நடக்கலாம்?

கண்டனூர்க்காரன்:
அண்ணன்மாரே, ஆச்சிமாரே, வணக்கம். வர்ற தைப்பூசத்துக்குக் காரைக்குடியிலருந்து பழனிக்கு நடக்கப் போறேன். அம்மாவோட நேர்த்திக்கடன். அவுகளுக்கு மூட்டுவலி, அதனால நான். வயசு 47, பெங்களூருல உக்காந்தே பாக்குற வேலை, சர்க்கரைக்கு மாத்திரை போடுறேன். பங்காளிக கூட்டம் அஞ்சு நாள்ல போய்ச் சேருமாம். தெம்பு இருக்கப்பவே முதல் நாள் 40 கிலோமீட்டர் போட்டுட்டா, அப்புறம் மெதுவாப் போகலாம்ல? இன்னொண்ணு, வெறுங்காலோடதான் நடக்கணும்ங்கறாக அம்மா. என்ன செய்யலாம்?

சாமான்வண்டி:
தம்பி, அந்த 40-ஐ இப்பவே மறந்துருங்க. நான் எங்க கூட்டத்துக்குச் சாமான் வண்டி ஓட்டுறவன். யாரு எந்த ஊர்ல உக்காருவாகன்னு முகத்தைப் பாத்தே சொல்லிருவேன். குன்றக்குடியில சண்முகநாதனைக் கும்பிட்டு அரோகரா போட்டதும் கால் தரையில பாவாது. இளவட்டங்க பின்னாடியே ஓடுவாக. சிங்கம்புணரி தாண்டி நத்தம் வர்றதுக்குள்ள "அண்ணே, கொஞ்ச தூரம் ஏத்திக்கங்க"ன்னு கை காட்டுறது பெரும்பாலும் அவுகதான்.

மொத்தம் சுமாரா 160 கிலோமீட்டர். முதல் நாள் திருப்பத்தூரோட நிப்பாட்டுங்க, 25-க்குள்ளதான் வரும். அடுத்த நாள் சிங்கம்புணரி. நத்தத்துலருந்து திண்டுக்கல் 35-க்கு மேல இருக்கு, அதை ஒரே நாள்ல முடிக்கப் பாக்காதீக. பங்காளிகளுக்கு ஒரு நாள் முந்திக் கிளம்புங்க. திண்டுக்கல் பக்கம் அவுகளே வந்து உங்களைப் பிடிச்சிருவாக. அதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல. நகரத்தார் காவடியோட போறவுக திரும்பி வர்றதும் நடந்துதான், அவுக நடையைப் பாருங்க, ஒருத்தரும் பறக்க மாட்டாக.

எவ்வளவு வேகம்னா, "வேல் வேல் வெற்றிவேல்"னு மூச்சு வாங்காம சொல்லிக்கிட்டே போற வேகம். காலையில 3 மணிக்கு எந்திரிச்சு, 9 மணிக்குள்ள அன்னைக்கு நடையில முக்காவாசியை முடிச்சிரணும். தை மாசப் பனிதானேன்னு இருந்துராதீக, பத்து மணிக்கு மேல தார் ரோடு சுடும். மத்தியானம் தூங்கிட்டு, வெயில் தாழ மிச்சத்தை நடங்க. இருட்டுல ரோட்டோட வலது ஓரமாப் போங்க, எதிர வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியும். முதுகுல ஒளிரும் ஸ்டிக்கர் கட்டாயம். பனிமூட்டத்துல ஸ்டியரிங் பிடிச்சவன் சொல்றேன், பத்தடி முன்னாடி நிக்கிற ஆள்கூடத் தெரியாது.

கால் விஷயம். குதிகால்லயோ விரலுக்குக் கீழயோ ஒரு இடம் சுள்ளுனு எரியும். கொப்புளம் இன்னும் வந்திருக்காது. அடுத்த தண்ணிப் பந்தல்ல பாத்துக்கலாம்னு எல்லாரும் நடந்துருவாக. நீங்க அப்படியே ஓரமா உக்காந்து, காலைத் துடைச்சு ஈரம் போனதும் காகித பிளாஸ்டரைச் சுருக்கம் இல்லாம ஒட்டுங்க. நனைஞ்ச சாக்ஸை மாத்துங்க. வேட்டி கட்டுனா தொடை இடுக்குல வேஸ்லின் தடவாம கிளம்பாதீக.

ஐப்பசியிலேயே பயிற்சியை ஆரம்பிங்க. மெதுமெதுவாக் கூட்டி, சனிக்கிழமை 18, மறுநாளே 15-ன்னு கொண்டு வாங்க. வலிக்கிற காலோட ரெண்டாம் நாளும் நடந்து பழகணும். தீபாவளிக்கு ஊருக்கு வந்தா, விடியக்காலம் குன்றக்குடி போய்த் திரும்புங்க, 20-க்கு மேல ஆயிரும்.

தேவகோட்டை ஆச்சி:
வெறுங்கால் பழகுன காலுக்குத்தான் அப்பச்சி. நான் வீட்டுலயும் வயல்லயும் செருப்புப் போடாதவ, எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ ஏசி ரூம்ல இருந்துட்டு வர்ற. ரோட்டுக்குச் செருப்பு, மலைக்கு வெறுங்கால்னு அம்மாகிட்டச் சொல்லு. பழனிப் படி 693, அதை ஏறுனா போதாதா? முருகன் கணக்குப் பாக்க மாட்டான்.

வழியெல்லாம் அன்னதானம்னு கூப்பிடுவாக. பொங்கலு, புளியோதரை, வடைன்னு ஒவ்வொரு பந்தல்லயும் கையை நீட்டுனா ஒட்டன்சத்திரம் போறதுக்குள்ள வயிறு கெட்டுப்போகும். நீர்மோரை மட்டும் விடாத.

டிரெஸ்ஸிங் அக்கா:
ஆச்சி சொன்னதை நான் இன்னும் அழுத்திச் சொல்றேன் தம்பி. நான் நர்ஸ். சர்க்கரைக்காரவுக வெறுங்காலோட நடக்கவே கூடாது. பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருந்தா முள்ளு குத்துனாலும், தார் சுட்டாலும் தெரியாது. கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்டப் பாதத்தைச் சோதிச்சுக்கங்க. மாத்திரை அளவையும் கேட்டுக்கங்க. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை போடுறவுக நாளெல்லாம் நடந்தா சர்க்கரை தாழ்ந்து போகலாம். கை நடுங்கி வேர்த்தா நடையை நிப்பாட்டி, மூணு டீஸ்பூன் குளுக்கோஸ் கரைச்சுக் குடிச்சுட்டு 15 நிமிஷம் உக்காருங்க. தனியா நடக்காதீக. ராத்திரி உள்ளங்காலைச் செல்போன்ல போட்டோ எடுத்துப் பாருங்க, குனிஞ்சு பாக்குறதைவிட நல்லாத் தெரியும். கொப்புளம் வந்தா மேல்தோலை உரிக்காதீக.

கண்டனூர்க்காரன்:
ரொம்ப நன்றி. அம்மாகிட்ட ஆச்சி சொன்னதைப் படிச்சுக் காட்டுனேன், "693-ம் ஏறுவியா?"ன்னு கேட்டுட்டு ஒத்துக்கிட்டாக. ஒரு நாள் முந்தியே கிளம்புறேன். ஷூவா, செருப்பா?

சாமான்வண்டி:
எதை வாங்குனாலும் இந்த மாசமே வாங்கிப் பழகிருங்க. அரை சைஸ் பெருசா எடுங்க, மூணாம் நாள் கால் வீங்கும். உங்களுக்குச் சர்க்கரை இருக்கதால விரல் மூடுன ஷூதான் சரி. அப்புறம் வண்டியில போடுற பையில பேரையும் போன் நம்பரையும் துணியில எழுதித் தைச்சிருங்க. எல்லாரும் அதே பச்சைப் பையைத்தான் கொண்டு வர்றாக, ராத்திரி டார்ச் அடிச்சு நான்தான் தேட வேண்டியிருக்கு.