டிரையரில் துணி காய இரண்டரை மணி நேரம் ஆகிறது: எங்கே கோளாறு?

கேள்வி: வேளச்சேரி வாசகி

வணக்கம். ஈரக்காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளும் வகையைச் சேர்ந்த 7 கிலோ டிரையர் ஒன்றை ஐந்து ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். மழைக்காலம் வந்தால் மொட்டைமாடிக் கொடியை நம்ப முடியாது என்பதாலும், வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருப்பதாலும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்த இயந்திரம் இல்லாமல் எங்களுக்கு ஒரு நாளும் நகராது. சென்ற ஆண்டு ஒரு மணி நேரத்தில் காய்ந்த அதே அளவு துணிக்கு இப்போது இரண்டரை மணி நேரம் ஆகிறது. தானியங்கி நிலையில் வைத்தாலோ அரை மணி நேரத்திலேயே வேலை முடிந்துவிட்டதாகக் காட்டி நின்றுவிடுகிறது. கதவைத் திறந்தால் துணி ஈரமாகவே இருக்கிறது. ஆகவே நேரத்தைக் குறித்து ஓட்டி, நடுநடுவே நிறுத்தித் திறந்து பார்த்துக்கொள்கிறேன். வடிகட்டியில் சேரும் பஞ்சை ஒவ்வொரு முறையும் எடுத்துவிடுகிறேன். ஹீட்டர் பழுதாகியிருக்கும், மாற்ற வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். செலவு செய்வதற்கு முன் விவரம் தெரிந்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1: பழுதுபார்ப்பவர், கோயம்புத்தூர்

சகோதரி, தாங்கள் சொல்வதைப் பார்த்தால் ஹீட்டரின் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஹீட்டர் முழுவதும் போயிருந்தால் இரண்டரை மணி நேரத்திலும் துணி காய்ந்திருக்காது. டிரையரில் துணியை உலர்த்துவது சூடு மட்டுமன்று. அந்தச் சூடான காற்று ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியேற வேண்டும். காற்றின் வழி அடைபட்டால் உருளைக்குள் சூடு இருந்தும் பயனில்லை.

முதலில் வடிகட்டி வலையைக் கழற்றிக் குழாயடியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் உடனே ஒழுகிப் போனால் வலை நன்றாக இருக்கிறது என்று பொருள். கிண்ணத்தில் நிற்பதுபோல் தேங்கி நின்றால், துணியை மென்மையாக்கும் திரவத்தின் பிசுக்குக் கண்ணுக்குத் தெரியாத படலமாக வலைக்கண்களை அடைத்திருக்கிறது. பஞ்சைக் கையால் எடுப்பதால் இந்தப் படலம் போகாது. வெந்நீரும் பாத்திரம் துலக்கும் சோப்பும் இட்டு, மென்மையான பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

தானியங்கி நிலையில் பாதியில் நிற்பதற்கும் அதே பிசுக்குதான் காரணமாக இருக்கக்கூடும். உருளையின் வாயருகே இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத்துணி அவற்றின் மேல் படும்போது மின்சாரம் சிறிதளவு கடந்து செல்வதை வைத்தே இயந்திரம் ஈரத்தை அறிகிறது. பட்டையின் மேல் படலம் படிந்துவிட்டால் துணி காய்ந்துவிட்டதாக அது எண்ணிக்கொள்ளும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்தாலே போதும்.

அடுத்து, இயந்திரத்தின் பின்னால் இருக்கும் வளைகுழாயைப் பாருங்கள். சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்த வீடுகளில் அது நசுங்கிக் கிடப்பதைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

மறுமொழி 2: மின்பணியாளர், மதுரை

மேலே நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் மின்னழுத்தத்தை விட்டுவிடக் கூடாது. ஹீட்டர் தரும் சூடு மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 230 வோல்ட்டில் 2,000 வாட் தரும் ஹீட்டர், 180 வோல்ட்டில் ஏறத்தாழ 1,225 வாட்தான் தரும். மாலை வேளையில் மட்டும் அதிக நேரம் எடுக்கிறதா என்று கவனியுங்கள். இயந்திரத்தை 16 ஆம்பியர் பிளக்கில் நேரடியாகச் செருக வேண்டும். நீட்டிப்புப் பெட்டியில் ஒருபோதும் செருக வேண்டாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உருளை சுற்றி, சூடே வராத நிலை ஏற்பட்டால், பெரும்பாலும் வெப்ப ஃபியூஸ் போயிருக்கும். ஒரு முறை அறுந்தால் திரும்பச் சேராத பொருள் அது. சிலர் அதை எடுத்துவிட்டு இரண்டு கம்பிகளையும் நேராக முறுக்கி இணைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்த இயந்திரத்தை வீட்டில் ஓட்டவே கூடாது. காற்று அடைபட்டுச் சூடு மிஞ்சியதால்தான் ஃபியூஸ் அறுந்தது என்பதால், அடைப்பை நீக்காமல் புதியது போட்டாலும் அதுவும் அறுந்துவிடும்.

மறுமொழி 3: திருவான்மியூர் வாசகி

துவைக்கும் இயந்திரத்தில் பிழியும் வேகத்தையும் பாருங்கள். குழந்தைத் துணி என்பதற்காக நான் வேகத்தைக் குறைத்து வைத்திருந்தேன். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்கவே சுமார் 0.63 யூனிட் மின்சாரம் தேவைப்படுவதால், பிழிந்து வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டரும் லாபம்தான். மேலும், குழாயை அறைக்குள்ளேயே விட்டு ஜன்னலைச் சாத்தினால், வெளியேற்றிய ஈரக்காற்றையே இயந்திரம் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

நடுவில் நிறுத்திப் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். அதுதான் என்னைக் கவலைப்படுத்தியது. கடைசிச் சில நிமிடங்கள் சூடின்றிச் சுற்றுவது துணியை ஆற்றுவதற்காகவே. பாதியில் நிறுத்த நேர்ந்தால் துணியை உடனே வெளியே எடுத்து உதறிப் பரப்பிவிடுங்கள். எண்ணெய்க் குளியலுக்குப் பின் தலை துவட்டிய துண்டு, அடுப்படித் துணி ஆகியவற்றை டிரையரில் போடவே வேண்டாம். துவைத்த பின்னும் இழைகளில் தங்கிவிடும் எண்ணெய் காற்றோடு கலந்து வினைபுரிந்து தானே சூடேறும். சூடான குவியலுக்குள் அது தீப்பற்றவும் கூடும்.

கேட்டவரின் பதில்: வேளச்சேரி வாசகி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கோயம்புத்தூர் ஐயா சொன்னபடி வலையைக் குழாயடியில் பிடித்தேன்; தண்ணீர் உள்ளங்கையில் ஏந்தியதுபோல் அப்படியே நின்றது. இரண்டு முறை தேய்த்துக் கழுவிய பிறகே சல்லடைபோல் ஒழுகியது. இயந்திரத்தை முன்னுக்கு இழுத்தபோது, வளைகுழாய் சுவருக்கும் உடம்புக்கும் நடுவே நசுங்கியிருந்ததையும், அந்த மடிப்பில் ஈரப்பஞ்சு கைப்பிடியளவு இறுகிக் கிடந்ததையும் கண்டோம். குழாயைத் துப்புரவாக்கி, சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டு வைத்தோம். உலோகப் பட்டைகளையும் துடைத்தேன். நேற்று அதே அளவு துணி தானியங்கி நிலையிலேயே 1 மணி 10 நிமிடத்தில் காய்ந்தது. ஹீட்டரை மாற்றவில்லை. மாமியாரின் எண்ணெய்த் துண்டுகளுக்கு மட்டும் கூடத்து மின்விசிறிக்கு அடியில் தனிக்கொடி கட்டியிருக்கிறேன்.