பாலியல் வழக்குல ஆம்பளை பேரையும் தீர்ப்பு வர்ற வரைக்கும் மறைக்கணுமா?

கொழிஞ்சாம்பாறை செந்தில்:
சுத்தி வளைக்காமச் சொல்லிடறேனுங்க. புகார் குடுத்த பொண்ணு பேரு வெளிய வரக்கூடாதுன்னு சட்டம் இருக்குது. நல்ல சட்டம், அதுல மறுபேச்சே இல்ல. ஆனா ஆம்பளையோட பேரு, போட்டோ, அப்பன் என்ன தொழில் பண்றான்ங்கிறது வரைக்கும் எஃப்.ஐ.ஆர். போட்ட அன்னிக்குச் சாயங்காலமே வாட்ஸ்அப்புல வந்துருது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்துக் கணக்குல பாலியல் வன்கொடுமை வழக்குக்குத் தண்டனை விகிதம் பல வருஷம் 27, 28 சதவீதம்தான். நாலுல மூணு வழக்கு விடுதலை. விடுதலையாகி வந்தவனுக்கு நம்ம பாலக்காட்டுச் சித்தூர் தாலூக்காவுல எவன் பொண்ணு குடுப்பான்? எவன் கடைய வாடகைக்கு விடுவான்? அதனால தீர்ப்பு வர்ற வரைக்கும் ரெண்டு பேர் பேரையும் மூடி வைக்கணும்ங்கிறது என் கட்சி. அயர்லாந்துல வன்கொடுமை வழக்குல தண்டனை ஆனாத்தான் குத்தவாளி பேரப் பேப்பர்ல போட முடியும். அந்த நாடு நல்லாத்தானே இருக்குது?

பொள்ளாச்சி கலா:
செந்தில் அண்ணா, கொலை வழக்குலயும் நாட்டுல பாதிக்கு மேல விடுதலைதான். அதே காப்பகத்துக் கணக்குதான், எடுத்துப் பாருங்க. அப்போ செத்தவன் பொய் சொல்லிட்டான்னு அர்த்தமா? விடுதலைன்னா பொய்ப் புகார்னு ஏன் இந்த ஒரு வழக்குக்கு மட்டும் கணக்குப் போடறீங்க?

எங்க ஊரு கதை உங்களுக்கே தெரியும், அரை மணி நேர தூரம். 2019 பிப்ரவரியில ஒரு பொண்ணு, பொண்ணுங்கள வீடியோ எடுத்து மிரட்டின கும்பல் மேல துணிஞ்சு புகார் குடுத்துச்சு. போலீஸ் பெரிய அதிகாரியே பத்திரிகைக்காரங்க முன்னாடி அந்தப் பொண்ணு பேரச் சொல்லிட்டாரு. சி.பி.ஐ.க்கு மாத்தின அரசாணையிலயும் விவரம் வந்துருச்சு. மதுரை ஐகோர்ட்டு 25 லட்சம் இழப்பீடு குடுன்னு சொல்ற அளவுக்குப் போச்சு. அந்த மாசம் எங்க தெருவுல எத்தன வீட்டுல பொண்ணுங்க போனப் புடுங்கி பீரோவுல வெச்சாங்கன்னு எனக்குத் தெரியும். “நமக்கெதுக்கு, பேரு வந்துரும்” இதுதான் வீட்டுக்கு வீடு பேச்சு.

அப்புறம் மூடின அறையில விசாரணை நடந்துச்சு. ஒரு சாட்சிகூட முன்னாடி சொன்னத மாத்திப் பேசிப் பிறழல. 2025 மே 13-ல கோயம்புத்தூர் மகளிர் கோர்ட்டுல ஒம்பது பேருக்கும் சாகற வரைக்கும் ஆயுள். எட்டுப் பொண்ணுங்களுக்குச் சேர்த்து 85 லட்சம் இழப்பீடு. பேரக் காப்பாத்தினா சாட்சி நிக்கும், சாட்சி நின்னா தண்டனை கிடைக்கும். இதுக்கு மேல என்ன வேணும்?

கொழிஞ்சாம்பாறை செந்தில்:
பொள்ளாச்சியில வீடியோ இருந்துச்சு தங்கச்சி. செல்போன்ல இருந்ததெல்லாம் அவனுங்களே எடுத்தது. அதுலதான் மாட்டினானுங்க.

சென்னை அண்ணா பல்கலைக்கழக மாணவி வன்கொடுமை வழக்கையும் பாருங்க. 2024 டிசம்பர்ல எஃப்.ஐ.ஆரே இணையத்துல கசிஞ்சு, பொண்ணோட விவரமெல்லாம் ஊர் பூரா சுத்துச்சு. தொழில்நுட்பக் கோளாறுன்னாங்க. ஐகோர்ட்டு அங்கயும் 25 லட்சம் குடுக்கச் சொல்லிச்சு. அப்படியிருந்தும் அஞ்சே மாசத்துல குத்தவாளின்னு தீர்ப்பு, குறைஞ்சது 30 வருஷம் உள்ள இருக்கணும்னு தண்டனை. பேரு கசிஞ்ச வழக்குலயும் தண்டனை கிடைக்குதுல்ல? ஆதாரமும் வேகமும் இருந்தாப் போதும். பேர மறைக்கறதுக்கும் தண்டனை விகிதத்துக்கும் சம்பந்தமில்லைங்கிறேன்.

நகரி பாலாஜி:
செந்தில் அண்ணன் பக்கம் ஒண்ணு சேத்துக்கறேன். 2019-ல ஹைதராபாத் பெண் டாக்டர் வன்கொடுமை, கொலை வழக்கு. நாலு பேர் பேரும் மூஞ்சியும் தெலுங்கு சேனல் எல்லாத்துலயும் ராத்திரி பகலா ஓடுச்சு. டிசம்பர் 6 விடியக்காத்தால நாலு பேரையும் போலீஸ் சுட்டுட்டாங்க. எங்க ஊருல ஸ்வீட் குடுத்தாங்க, நானும் வாங்கித் தின்னேன். 2022-ல சுப்ரீம் கோர்ட்டு போட்ட கமிஷன், வேணும்னேதான் சுட்டிருக்காங்கன்னு சொல்லுச்சு. அந்த நாலு பேர் பண்ணினாங்களா இல்லையான்னு ஒரு கோர்ட்டும் இனிமே சொல்ல முடியாது. செத்துப்போன பொண்ணு பேரையும் அந்த வாரம் பூரா ஹேஷ்டேக்ல ஓட்டினாங்க. அப்புறம்தான் வேற பேரு வெச்சாங்க.

சூரியநெல்லி எஸ்டேட்காரன்:
விடுதலைன்னா என்னன்னு எங்க ஊருகிட்டக் கேளுங்க. ஒரு பொண்ணக் கடத்திட்டுப் போய்ப் பல பேர் பண்ணின வன்கொடுமை வழக்கு. 1996-ல நடந்தது, அப்போ அந்தப் பொண்ணுக்கு 16 வயசு. 2000-ல கோட்டயம் தனிக்கோர்ட்டுல 35 பேருக்குத் தண்டனை. 2005-ல ஐகோர்ட்டு ஒருத்தனத் தவிர அத்தன பேரையும் விட்டுருச்சு. 2013 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டு, அந்தத் தீர்ப்பு செல்லாது, திரும்ப விசாரின்னு அனுப்புச்சு. 2014-ல அதே ஐகோர்ட்டு பெரும்பாலானவங்க தண்டனைய உறுதி பண்ணுச்சு. அதே சாட்சி, அதே காகிதம், நடுவுல ஒம்பது வருஷம். செந்தில் சார், 2005-ல நீங்க கணக்கு எடுத்திருந்தா அவங்கெல்லாம் அப்பாவி லிஸ்ட்ல வந்திருப்பாங்க.

பேர மறைச்சாங்க, சரிதான். அதுக்குப் பதிலா ஊரப் போட்டாங்க. தேயிலைக் கொழுந்து கிள்ளிப் பொழைக்கிற ஊரு இது. எங்க அக்கா மக சூரியநெல்லின்னு சொல்லி எர்ணாகுளத்துல ஹாஸ்டல் ரூம் கேட்டப்போ வார்டன் ஒரு பார்வ பாத்தாங்களாம். இப்போ மூணாறுன்னுதான் சொல்றா.

வேலந்தாவளம் ராஜா:
எல்லாம் சரிங்க, நம்ம பக்கத்துலயே போன வருஷம் ஒண்ணு ஆச்சுல்ல, அந்த [நீக்கப்பட்டது] பஸ் ஸ்டாப்புக்கு எதுக்கால வீடு, [நீக்கப்பட்டது] ஸ்கூல்ல பத்தாவது. அந்தக் கேஸ்ல கடைசில என்னாச்சு? ரெண்டு குடும்பமும் பேசி முடிச்சுட்டாங்க. இதுல கோர்ட்டு என்ன பண்ணும்?

நெறியாளர்:
ராஜா, உங்க பதிவுல ரெண்டு இடத்தை எடுத்திருக்கேன். நீங்க பேரச் சொல்லல, ஆனா பஸ் ஸ்டாப்பும் ஸ்கூலும் வகுப்பும் சேர்ந்தா வேலந்தாவளத்துல யாருக்குத் தெரியாது? பாரதிய நியாய சம்ஹிதைங்கிற புதுக் குற்றச் சட்டத்தோட 72-ஆம் பிரிவுப்படி ஆளை அடையாளம் காட்டுற எந்த விவரத்தப் போட்டாலும் ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். இன்னொரு தடவை வந்தா பதிவையே தூக்கிடுவேன்.

பாலக்காடு வக்கீல் சுமதி:
நெறியாளருக்கு நன்றி. நான் எழுத வந்ததும் இதுதான். 2018 டிசம்பர் 11-ல நிபுண் சக்சேனா வழக்குல சுப்ரீம் கோர்ட்டு தெளிவாச் சொல்லியாச்சு: பேரை மட்டுமில்ல, சுத்தி வளைச்சு ஆள் யாருன்னு தெரியவைக்கிற எதையும் போடக்கூடாது. இறந்துபோனவங்களுக்கும் அதே விதி. 18 வயசு முடிஞ்ச பெண் தானா முன்வந்து பேரச் சொன்னா அது அவங்க உரிமை, வேற யாருக்கும் அந்த உரிமை இல்ல.

இனி செந்தில் கணக்குக்கு வர்றேன். அந்த 27 சதவீதம் எதுக்கு 27? அந்த வருஷம் விசாரணை முடிஞ்ச வழக்குகளுக்கு. நிலுவையில கிடக்கிறது பத்துல ஒம்பது. அதையெல்லாம் சேர்க்காம, முடிஞ்ச கொஞ்சத்த வெச்சுத்தான் இந்த விகிதம் வருது. முடிஞ்சதுலயும் விடுதலை எப்படி ஆகுதுன்னு கோர்ட்டு வராந்தாவுல நின்னாத் தெரியும். “பொய் வழக்கு”ன்னு ஜட்ஜ் எழுதி விடுறது ரொம்பக் குறைவு. சாட்சி பிறழ்ந்துடும். இல்லேன்னா சந்தேகத்தின் பலன்.

பிறழ்ச்சி கூண்டுல வச்சு நடக்கிறதில்ல. முன்னாடியே ஊர்ல வச்சு நடந்து முடிஞ்சிருக்கும். குழந்தைகளப் பாலியல் குற்றத்துல இருந்து காப்பாத்தற போக்சோ சட்டத்தோட 24-ஆம் பிரிவு, குழந்தைகிட்ட வாக்குமூலம் வாங்க வர்ற போலீஸ் யூனிஃபார்ம்ல வரக்கூடாதுன்னு சொல்லுது. வாக்குமூலத்துக்கு மஃப்டியிலதான் வருவாங்க. ஆறு மாசம் கழிச்சு சம்மன் குடுக்க வர்ற போலீஸ்காரர் காக்கியோட பைக்க டீக்கடை முன்னால நிறுத்தி, “இன்னாரு வீடு எதுங்க?”ன்னு கேப்பார். முடிஞ்சது. அன்னிக்கு ராத்திரியே மாமன், பெரியப்பன், கட்சிக்காரர் எல்லாரும் அந்த வீட்டுத் திண்ணையில உக்காந்திருப்பாங்க. செந்தில், அண்ணா பல்கலைக்கழக வழக்குல ஐகோர்ட்டே தனிப்படை போட்டது, நாடே பாத்துச்சு. தாசில்தார் ஆபீஸ் எங்கிருக்குன்னு தெரியாத கூலிக்காரன் மகளுக்கு அது நடக்குமா?

கேரள எல்லையில இருக்கிற நம்ம பக்கத்துக்குன்னு ஒரு சங்கடமும் இருக்கு. பிள்ளை தமிழ்ல சொல்லும், ஸ்டேஷன்ல மலையாளத்துல எழுதுவாங்க, அம்மா கையெழுத்துப் போடுவாங்க. அம்மாவுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. ரெண்டு வருஷம் கழிச்சு எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தாளக் கையில வெச்சுக்கிட்டு, “அன்னிக்கு இப்படிச் சொல்லலையே”ன்னு வரிவரியா முரண்பாடு குறிப்பார். குறுக்கு விசாரணைன்னு வந்துட்டா நானும் அதையேதான் பண்ணுவேன், எங்க தொழில் அது.

2017-ல செத்துக் கிடந்த ரெண்டு சின்னப் பொண்ணுங்க, வாளையார் சகோதரிகள் வழக்க மறந்துடாதீங்க. 2019 அக்டோபர்ல பாலக்காடு போக்சோ கோர்ட்டு விடுதலை. 2021 ஜனவரியில கேரள ஐகோர்ட்டு அந்த விடுதலைய ரத்து பண்ணி மறுவிசாரணைக்கு உத்தரவு போட்டுச்சு. துப்புத் துலக்கினதும் வழக்கு நடத்தினதும் சரியில்லைன்னுதான் ரத்து பண்ணாங்க.

கொழிஞ்சாம்பாறை செந்தில்:
வக்கீலம்மா, இது அத்தனையும் பொண்ணு பேர ஏன் மறைக்கணும்ங்கிறதுக்குப் பதில். அத நான் முதல் வரியிலயே ஒத்துக்கிட்டேன். பையன் பேர ஏன் மறைக்கக் கூடாதுங்கிறதுக்கு நீங்க இன்னும் வாயே திறக்கல. 20 வயசுப் பையனும் 17 வயசுப் பொண்ணும் ஓடிப் போறாங்க, பொள்ளாச்சியில புடிக்கிறாங்க, போக்சோ. ஒரு வருஷம் கழிச்சு அந்தப் பொண்ணே கோர்ட்டுல, நான் விரும்பித்தான் போனேன்னு சொல்லுது, விடுதலை. இந்த மாதிரி எத்தன பாத்திருப்பீங்க?

பாலக்காடு வக்கீல் சுமதி:
நிறையப் பாத்திருக்கேன், நடத்தியும் இருக்கேன். விடுதலைக் கணக்குல இவங்க ஒரு பெரிய பங்கு. அதுக்குப் பேர மறைச்சு என்ன ஆகப்போகுது? பையன் மாசக்கணக்குல மாவட்ட ஜெயில்ல இருந்துட்டு வர்றான், ஊருக்கு அது தெரியாதா?

இங்கிலாந்து நீங்க கேக்கிறதச் செஞ்சு பாத்துருச்சு. 1976-ல வன்கொடுமை வழக்குல ரெண்டு தரப்புக்கும் பேர் மறைப்பு குடுத்தாங்க. 1988-ல குற்றம் சாட்டப்பட்டவங்களுக்கு இருந்தத மட்டும் எடுத்துட்டாங்க. 2010-ல கூட்டணி அரசு திரும்பக் கொண்டுவரலாம்னு பாத்து, கைவிட்டுச்சு. எதிர்த்தவங்க சொன்ன பெரிய காரணம் இது: ஒருத்தன் பேரு வெளிய வந்தாத்தான் அவனால பாதிக்கப்பட்ட அடுத்த பெண், “எனக்கும் இவன்தான்”னு வருவா. கொலைகாரன், திருடன் பேரெல்லாம் போடலாம், இவன் பேர மட்டும் போடக்கூடாதுன்னா, இந்தப் புகார மட்டும் சந்தேகமாப் பாருங்கன்னு சட்டமே சொன்ன மாதிரி ஆயிரும்னும் சொன்னாங்க.

ஒரு எல்லை வரைக்கும் நான் உங்களோட வர்றேன். கைது பண்ணின அன்னிக்கே போலீஸ் நிக்க வெச்சு போட்டோ எடுத்து மீடியாவுக்குக் குடுக்கிறது அசிங்கம், அத நிறுத்தணும். விடுதலையானவர் பேரு காலம் பூரா கூகுள்ல நிக்கிறதும் நியாயமில்ல. 2014-ல ஐகோர்ட்டுல விடுதலையான ஒருத்தர் தீர்ப்புல இருந்து தன் பேர எடுக்கச் சொல்லிப் போனார். 2021-ல மெட்ராஸ் ஐகோர்ட்டு தனி நீதிபதி முடியாதுன்னுட்டார். 2024 பிப்ரவரியில மதுரைக் கிளையில ரெண்டு நீதிபதிங்க எடுக்கச் சொன்னாங்க. ஜூலையில சுப்ரீம் கோர்ட்டு அதுக்குத் தடை போட்டுருச்சு. உங்க சண்டைய அங்க போடுங்க, நானும் கூட நிக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை செந்தில்:
தீர்ப்புக்கு அப்புறம் பேர அழிச்சா, தீர்ப்பு வர்ற வரைக்கும் போன ஆறு வருஷத்த எவன் அழிப்பான்? நான் ஒத்துக்க மாட்டேனுங்க.

பொள்ளாச்சி கலா:
அதே ஆறு வருஷம் அந்தப் பொண்ணுக்கும்தான் போகுது அண்ணா.

புதிய உறுப்பினர் 2214:
சண்டைக்கு நடுவுல கேக்கிறேன், மன்னிச்சுக்குங்க. எங்க சொந்தத்துல ஒரு பிள்ளைக்கு அடுத்த வாரம் வாக்குமூலம் இருக்குது. தமிழ்லயே சொல்லலாமா? ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுத்தான் போகணுமா?

பாலக்காடு வக்கீல் சுமதி:
ஸ்டேஷனுக்குப் போகத் தேவையே இல்லம்மா. வீட்லயோ, பிள்ளைக்குப் பிடிச்ச வேற இடத்துலயோ வாங்கச் சொல்லுங்க. பெண் எஸ்.ஐ.தான் வரணும்னு கேளுங்க. பெத்தவங்க இல்லேன்னா பிள்ளை நம்புற ஒருத்தர் பக்கத்துல இருக்கலாம். தமிழ்ல சொல்லலாம். போக்சோ 26-ஆம் பிரிவுல மொழிபெயர்ப்பாளர் வெச்சுக்க வழி இருக்கு, வேணும்னு முன்கூட்டியே எழுதிக் குடுங்க. முடிஞ்ச இடத்துல வீடியோ பதிவும் பண்ணச் சொல்லுது சட்டம், அதையும் கேளுங்க. எழுதினத தமிழ்ல சொல்லிக் காட்டாம யாரும் கையெழுத்துப் போடாதீங்க. சம்மன் வந்தா எந்த நம்பருக்குக் கூப்பிடணும்னு அன்னிக்கே எஸ்.ஐ.கிட்ட எழுதிக் குடுத்துருங்க, டீக்கடையில வழி கேக்க வேண்டியிருக்காது. மாவட்ட சட்டப்பணி ஆணையத்துல வக்கீல் இலவசம். ஊரு, ஸ்கூலு எதையும் இங்க போடாதீங்க. எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்க.