தாத்தா வாய் திறக்கக் கூடாது

கல்மண்டபத்துக்காரன்:

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறுகளில் மூன்றாவதும் வந்து அதற்குரிய ரோஸ் கலர் மெழுகுவர்த்தியும் ஏற்றியாகிவிட்டது, என் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலுக்குத் தூவிய கேழ்வரகு மட்டும் இன்னும் தலை காட்டவில்லை. முதல் தடவை மொட்டை மாடியில் வைத்தேன், ராத்திரி மழையில் பாதித் தட்டு சாக்கடைக்குப் போய்விட்டது. இப்போது சமையலறை ஜன்னலில் இரண்டாவது தட்டு இருக்கிறது. 24ம் தேதிக்குள் நாலு விரல் உயரம் வந்தால் மாடுகளுக்குப் புல் உண்டு, இல்லையென்றால் வைக்கோலோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதத்தில் தெருவில், கடையில், ரயிலில் யாரையாவது சந்தித்து அது மனதில் தங்கிவிட்டிருந்தால் இங்கே எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் அன்பியம், அதாவது பக்கத்துப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள் சேர்ந்த குழு, நடத்தும் கேரல்ஸில் கிறிஸ்துமஸ் தாத்தா நான்தான். வயது காரணமில்லை, என் உயரத்துக்குத்தான் அந்த சிவப்பு சாட்டின் அங்கி சரியாக இருக்கிறது. முகமூடி பாரிமுனையில் வாங்கியது. அதன் கண் ஓட்டைகள் என் கண்ணுக்கு நேராக இருக்காது, ஒரு கண்ணால் பார்த்தால் இன்னொன்று இருட்டு. பஞ்சுத் தாடி வாய்க்குள் போகும். வயிற்றுக்குத் தலையணை, அதை இறுக்கிக் கட்ட என் மனைவியின் பழைய துப்பட்டா. ராத்திரி எட்டரைக்குக் கிளம்பினால் குழந்தை இயேசு சுரூபத்தோடு வீடு வீடாகப் போய், பாட்டு, ஜெபம், அப்புறம் தாத்தா டான்ஸ், அதற்கப்புறம் டீ. முதல் வீட்டு டீ தேவாமிர்தம். பன்னிரண்டாவது வீட்டு டீயை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, குடிக்கவும் முடியாது.

தாத்தாவுக்கு ஒரே ஒரு விதி உண்டு, வாய் திறக்கக் கூடாது. கை கொடுக்கலாம், ஆடலாம், மிட்டாய் கொடுக்கலாம். பேசினால் எந்த வீட்டுப் பையன் என்று தெரிந்துவிடும், குழந்தைகளுக்கு எல்லாம் போய்விடும்.

2019ல் ராயபுரம் கல்மண்டபம் பின்பக்கம் ஒரு சந்தில் போய்க்கொண்டிருந்தோம். லிஸ்ட்டில் இல்லாத வீடு ஒன்றைத் தாண்டும்போது நெற்றி நிறைய விபூதியோடு ஒரு ஆயா வாசற்படியில் எழுந்து நின்றார். "இன்னா நைனா, எங்க வூட்டாண்ட எல்லாம் நிக்க மாட்டீங்களா?" என்றார். டிரம் அடிக்கிற தம்பி என்னைப் பார்த்தான், நான் ஒரு கண்ணால் அவனைப் பார்த்தேன், நின்றோம். பாட்டு முடிந்ததும் ஆயா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். கட்டிலில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்கு நோட்டைத் திறந்து வைத்தபடி தூங்கி வழிந்துகொண்டிருந்தான். மறுநாள் அரையாண்டுப் பரீட்சையாம். "சொல்லு தாத்தா, இவன் என் பேச்சக் கேக்க மாட்டேங்குறான், ஒழுங்கா வாய்ப்பாடு படிக்கச் சொல்லு" என்றார்.

நான் தலையை ஆட்டினேன், விரலை நீட்டி மிரட்டினேன், தொப்பையைத் தட்டிக் காட்டினேன். ஆயாவுக்கு அதெல்லாம் போதவில்லை. "வாயத் தொறந்து சொல்லு, தாத்தான்னா புத்தி சொல்லணும்." வெளியே பதினைந்து பேர் காத்திருக்கிறார்கள், இன்னும் ஒன்பது வீடு பாக்கி. வேறு வழியில்லாமல் குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "ஏழாம் வாய்ப்பாடு சொல்லு" என்றேன்.

பையன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு என்னையே பார்த்தான். ஏழு எட்டு வரைக்கும் வந்து நின்று, "அண்ணா, நீ மெடிக்கல்ல மாத்திரை குடுக்குற அண்ணன்தானே?" என்றான்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள், ஆயாவும் சேர்த்து. அடுத்த வருஷம் கொரோனா, யாரும் எங்கும் போகவில்லை. 2021ல் லிஸ்ட் எழுதும்போது யூத் பசங்க அந்த வீட்டையும் சேர்த்திருந்தார்கள். ஆயா பெயர் யாருக்கும் தெரியாததால் "ஏழாம் வாய்ப்பாடு வீடு" என்றே எழுதியிருந்தார்கள். அந்தத் தடவை ஆயா கவர் கொடுத்தார், உள்ளே 11 ரூபாய். பத்தோடு ஒன்று சேர்த்துக் கொடுப்பது அவர்கள் வழக்கம். எங்கள் பொருளாளர் அந்தக் காசைத் தனியாகவே கணக்கில் எழுதினார், ஏன் என்று நான் கேட்கவில்லை.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

எம்.சி. ரோடு தையல்கடை வீட்டுப் பெண்:

எங்கள் அப்பா கடையில் ஒரு போர்டு உண்டு. "15ம் தேதிக்கு மேல் ஆர்டர் எடுக்கப்படாது." தீபாவளிக்கு எழுதியது, கிறிஸ்துமஸுக்கும் அதுவே தொங்கும், பொங்கலுக்குத் திரும்பத் தூசி தட்டப்படும். ஒரு வருஷமும் அப்பா அதை மதித்ததில்லை. 20ம் தேதி வந்தும் "சார், சின்னக் கொழந்த டிரஸ்தான்" என்று யாராவது கெஞ்சினால் இஞ்ச் டேப் தானாகக் கழுத்திலிருந்து இறங்கிவிடும். அம்மா முறைப்பார். வண்ணாரப்பேட்டையில் ரெடிமேடு மலை மாதிரி குவிந்து கிடக்கும்போது துணி எடுத்துத் தைக்கக் கொடுக்கிறவர்கள் நாளுக்கு நாள் குறைகிறார்கள், வருகிறவரை எப்படித் திருப்பி அனுப்புவது என்பார் அப்பா. அவர் சொல்வதும் நியாயம்தான், ஆனால் பட்டன் தைத்துத் தைத்து விரல் வீங்குவது எனக்கு.

நான் காலேஜ் படிக்கும்போது நடந்தது இது. 24ம் தேதி ராத்திரி பதினொன்றரை ஆகிவிட்டது, எல்லா டிரஸ்ஸும் போய்விட்டன, ஒரே ஒரு குட்டி ஃபிராக் மட்டும் ஹேங்கரில் தொங்குகிறது, வெள்ளை நெட், இடுப்பில் ரோஸ் ரிப்பன். கொடுத்தவர் ஒரு கன்டெய்னர் லாரி டிரைவர். போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். "மூடிட்டுக் கெளம்பலாம்பா, நாளைக்கு வந்து வாங்கிக்கட்டும்" என்றேன். அப்பா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். "நாளைக்கு எதுக்குமா அந்த டிரஸ்?" என்று மட்டும் சொன்னார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஷட்டருக்கு அடியில் ஒரு தலை தெரிந்தது. மனிதர் மூச்சு வாங்குகிறார். ஹார்பர் கேட்டுக்கு வெளியே ஒன்றரை நாளாக வரிசையில் நிற்கிறாராம், போனில் சார்ஜ் இல்லை. கிளீனரை ஸ்டியரிங்கில் உட்கார வைத்துவிட்டு, வண்டி நகர்ந்தால் நகர்த்து என்று சொல்லிவிட்டு, பாதி தூரம் ஆட்டோவிலும் பாதி தூரம் ஓடியும் வந்திருக்கிறார். ஃபிராக்கைக் கையில் வாங்கியதும் ஒரு காரியம் செய்தார். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை தன் கையின் மேல் அதை விரித்து வைத்துப் பார்த்தார். "ஒரு மாசமாச்சு சார் வூட்டுக்குப் போயி. இம்மாம் இருந்துச்சு, இப்ப வளந்துருக்குமா?"

அப்பா ஒன்றும் பேசாமல் அதைத் திரும்ப வாங்கி, கீழே மடித்துத் தைத்திருந்த ஓரத்தைப் பிரித்து ஒரு இஞ்ச் இறக்கிக் கொடுத்தார். மாதா கோயில் மணி அடிக்கும்போது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குத் தனியாகக் காசு வாங்கினாரா என்று கேட்காதீர்கள், வாங்கினார், இருபது ரூபாய்.

தண்டையார்பேட்டை குடித்தனக்காரர்:

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எனக்கு இந்தக் கேரல்ஸ் மேல் கோபம்தான். என் மகள் பத்தாவது படிக்கிறாள். போன வாரம் ராத்திரி ஒரு மணிக்கு எங்கள் தெருவில் டிரம். மறுநாள் அறிவியல் பரீட்சை. ஜன்னலைத் திறந்து கத்தலாம் என்று எழுந்தேன். என் மகள் அதற்குள் பால்கனியில் நின்று தாத்தாவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள். வந்து படுத்துவிட்டேன். கோபம் இன்னும் இருக்கிறது.

எண்ணூர் பக்கத்துக்காரன்:

என்னுடையது சந்தோஷமான கதை இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டில் பிரியாணியோடு இறால் தொக்கு இருந்தே ஆக வேண்டும், மாமனார் காலத்துச் சட்டம். காசிமேட்டில் வாங்கினால் அவருக்குப் பிடிக்காது, முகத்துவாரத்து இறால்தான் இனிக்கும் என்பார். அதனால் வருஷா வருஷம் டிசம்பர் நடுவில் ஆற்றோரம் போய், அங்கே வழக்கமாகக் கூடை வைத்து உட்காரும் ஒரு அக்காவிடம் சொல்லி வைப்பேன். இடுப்பளவு தண்ணியில் இறங்கிக் கையாலேயே தடவித் தடவி இறால் பிடிக்கிறவர்கள் அவர்கள். அந்த வேலையைப் பார்த்தால் விலை பேச வாய் வராது. (பேசுவேன், அது வேறு.)

2023 டிசம்பர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மிக்ஜாம் புயல் மழை கொட்டி முடித்த கையோடு கொசஸ்தலை ஆற்றிலும் முகத்துவாரத்திலும் எண்ணெய் வந்து சேர்ந்தது. படகு, வலை, அலையாத்தி மரத்து வேர் எல்லாம் கறுப்பு. எங்கள் தெருவிலேயே பத்து நாள் அந்த நாற்றம், சட்டையைக் கொடியில் காயப்போட்டால் சட்டையிலும் அது. ஆற்றங்கரையில் ஆட்கள் பக்கெட்டில் மொண்டு டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எண்ணெயைக் கையால் மொள்ளுவதைப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

பழக்க தோஷம், அந்த வருஷமும் போனேன். அக்கா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். கூடையில் கொஞ்சம் இறாலும் இருந்தது, வேறு பக்கம் எங்கேயோ போய்ப் பிடித்தது என்றார். நான் பையை நீட்டினேன். அவர் கூடை மேல் துணியை இழுத்துப் போட்டார்.

"வேணாம் சார், நீ எடுத்துனு போவாத."

"ஏங்க்கா, வேற எடத்து இறால்தானே?"

"வேற எடம்தான். ஆனா எனக்கே வாசன தெரியுது. பண்டிக நாளும் அதுவுமா புள்ளைங்க சாப்புடும்."

அன்றைக்கு அவர் கையில் காசில்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் எனக்குத் தெரியும் என்பது தெரியும். பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. "மீன் குடுக்காம துட்டு வாங்குனா அதுக்கு இன்னா பேரு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு முட்டைத் தொக்கு. மாமனார் தட்டைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த டிசம்பரில் அக்கா என்னைக் கண்டதுமே "சார், இந்த வாட்டி எடுத்துக்கோ" என்று கூப்பிட்டார். நான் விலை பேசினேன். பேசாமல் வாங்கியிருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பெரம்பூர் ரயில்வே பிள்ளை:

எண்ணூர்க்காரர் எழுதியதற்கு அப்புறம் நான் பலகாரக் கதை சொல்வது சரியா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி, வீட்டுக்காரர் ஐ.சி.எஃப்.இல் இருந்து ரிட்டயர்டு ஆனவர், பிள்ளைகள் எல்லாம் ஆஸ்திரேலியா. டிசம்பர் வந்தால் எங்கள் அம்மாவும் அவரும் சேர்ந்து மாவு பிசைவார்கள். ஆன்ட்டி முள்கரண்டியின் முதுகில் உருட்டி எடுப்பார், அம்மா புதுச் சீப்பில் உருட்டுவார். ஆன்ட்டி அதை குல்குல் என்பார், அம்மா கலகலா என்பார். இருபது வருஷமாக இந்தச் சண்டை, இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. போன வாரம் ஆன்ட்டி மெல்பர்ன் மகளோடு வீடியோவில் பேசும்போது நான் அங்கேதான் இருந்தேன். "பார்சல் அனுப்பறேன் மேன், கலகலா இருக்கு" என்கிறார்! அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் தலைகால் தெரியாது.

கல்மண்டபத்துக்காரரே, அந்த ஏழாம் வாய்ப்பாடு வீடு இப்போது எப்படி இருக்கிறது?

கல்மண்டபத்துக்காரன்:

எல்லாவற்றையும் படித்தேன். எண்ணூர்க்காரரே, அந்த அக்கா கேட்ட கேள்வியை இன்றைக்குக் கடையில் மாத்திரை எண்ணும்போதெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன், இரண்டு பேருக்குச் சில்லறை தப்பாகக் கொடுத்துவிட்டேன்.

தண்டையார்பேட்டை சார், குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பத்து மணிக்கு மேல் நாங்கள் ஸ்பீக்கரை ஆஃப் செய்துவிடுகிறோம், சட்டமும் அதுதான். டிரம்மை மட்டும் அந்தத் தம்பியின் கையிலிருந்து பிடுங்க முடியவில்லை. மார்கழி பிறந்தாச்சு, நாங்கள் ஒரு மணிக்கு முடித்தால் நாலரைக்குக் கோயிலில் திருப்பாவை ஆரம்பித்துவிடும், நடுவில் இருக்கிற மூன்றரை மணி நேரம்தான் எங்கள் தெருவுக்கும் தூக்கம்.

அந்த வீடு அங்கேயேதான் இருக்கிறது. ஆயாவுக்கு முட்டி வலி, இப்போது வாசற்படிக்கு வருவதில்லை, உள்ளே கட்டிலில் இருந்தபடியே கவரை நீட்டுவார், அதே 11 ரூபாய். பையன் ஒன்பதாவது. மீசை அரும்பிவிட்டது, தெருவில் என்னைப் பார்த்தால் தெரியாத மாதிரி போவான், அந்த வயசு அப்படி. முந்தாநாள் ஆயாவின் சுகர் மாத்திரை வாங்கக் கடைக்கு வந்தான். மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டும் நகரவில்லை. போனையே பார்த்தபடி, "அண்ணா, இந்த வாட்டி எத்தினி மணிக்கு வருவீங்க? எனக்கு எக்ஸாம் கீது" என்றான்.

"பத்துக்குள்ள வந்துடறோம்" என்றேன்.

இன்றைக்குத்தான் அந்தச் சந்து. மணி எட்டாகிறது, போன வருஷத் தலையணையைக் காணோம், மனைவி தன்னுடையதைத் தரமாட்டேன் என்கிறாள். நீங்கள் எழுதிக்கொண்டே இருங்கள், வந்து படிக்கிறேன்.