போப் வாயை அடைத்தாராம் லெமேத்ர்!

குறுக்குச்சால்:
பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டு என்ற பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு வித்திட்ட பெல்ஜியக் கத்தோலிக்கக் குரு லெமேத்ர் பற்றிப் பக்கத்துத் திரியில் ஒரு மேதாவி எழுதியிருக்கிறார்: "லெமேத்ர் அங்கி போட்ட விஞ்ஞானி, அவ்வளவுதான். பெருவெடிப்பு விஷயத்தில் போப் வாயையே அடைத்தவர்." அதற்கு ஏகப்பட்ட லைக் வேறு. வாயை அடைத்தாராம்! எங்கே, என்று, என்ன சொல்லி?

வால்மீன்:
அந்த மேதாவி நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டு என்ற அறிவியலைப் படைப்புக்குச் சாட்சி போலப் பேசினார். லெமேத்ருக்கு அது பிடிக்கவில்லை. 1952 செப்டம்பரில் ரோமில் வானியலாளர் மாநாட்டில் அதே போப் பேசினார். அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இதற்கு என்ன பெயர்?

குறுக்குச்சால்:
போப் அதைப் பற்றிப் பேசவில்லை என்று பெயர். லெமேத்ர், வத்திக்கான் வானாய்வக இயக்குநர் ஓ'கானலோடு சேர்ந்து போப்பிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னார் என்றுதான் எழுதுகிறார்கள். பக்குவமாகச் சொல்வது வாயை அடைப்பதா? வாயை அடைத்தவரையா 1960இல் வத்திக்கானின் திருப்பீட அறிவியல் கழகத்துக்குத் தலைவராக்குவார்கள்?

வால்மீன்:
1960இல் போப்பாக இருந்தது இருபத்து மூன்றாம் யோவான். பயஸ் 1958லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தேதி பார்த்துவிட்டு வாருங்கள் ஐயா.

குறுக்குச்சால்:
ஆள் மாறினால் திருச்சபை மாறிவிடுமா? 1936லிருந்தே லெமேத்ர் அந்தக் கழகத்தில் உறுப்பினர். நான் கேட்டது வாய் அடைத்த கதை. அதற்குப் பதில் வரவில்லை.

மணியோசை:
'போப்' 'போப்' என்று எழுதுகிறீர்களே, திருத்தந்தை என்று எழுதினால் விரல் தேய்ந்துவிடுமா? 'அங்கி போட்ட விஞ்ஞானி' என்பதும் அவமானம். முனைவர் பட்டம் 1920, குருப்பட்டம் 1923, லூவென் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி 1927. எதையும் கழற்றி வைத்துவிட்டு எதையும் செய்யவில்லை.

குறுக்குச்சால்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். இயற்பியலாளர் பால்கிங்ஹார்ன் 1979இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பதவியை விட்டுவிட்டுக் குருப்படிப்புக்குப் போனார். லெமேத்ர் ஒன்றையும் விடவில்லை. அப்படிப்பட்டவர் திருத்தந்தை (சரிதானே மணியோசை?) வாயை ஏன் அடைக்கப் போகிறார்?

வால்மீன்:
1958 சால்வே இயற்பியல் மாநாட்டில், தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்கிறது என்றாரே, அது யாருக்குச் சொன்னது? சுவருக்கா?

குறுக்குச்சால்:
இயற்பியலாளர்களுக்கு. மாநாடு அவர்களுடையது.

சிவப்புப்பெயர்ச்சி:
முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். 1927லேயே பிரபஞ்சம் விரிவதைக் கணக்கிட்டு எழுதினார். 1929இல் வானியலாளர் ஹப்பிள் அதற்குப் பெயர் வாங்கிக்கொண்டு போனார். 1931 ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்தப் பகுதியையே வெட்டிவிட்டார்கள்! பாதிரியார் என்பதால்தானே?

மணியோசை:
வெட்டியது அவரேதான். மொழிபெயர்த்ததும் அவரே, 2011இல் அவர் கடிதம் கிடைத்து அம்பலமானது. பிரபஞ்ச விரிவைச் சொல்லும் ஹப்பிள் விதிக்கு அவர் பெயரையும் சேர்க்க 2018இல் வானியலாளர்கள் வாக்களித்தும் விட்டார்கள்.

சிவப்புப்பெயர்ச்சி:
தொண்ணூறு வருஷம் கழித்து. ரொம்ப சீக்கிரம்.

வால்மீன்:
அது 'லெமேத்ர்' இல்லை, 'லுமேத்ர்'. யாராவது பிரெஞ்சு தெரிந்தவர்கள்...

குறுக்குச்சால்:
முதல் பதிவில் நீங்கள் எழுதியதே லெமேத்ர்தான்! கலிலியோ திரியிலும் இப்படித்தான், மாட்டிக்கொண்டதும் எழுத்துப்பிழை பிடிக்க ஆரம்பித்தீர்கள். மறக்கவில்லை.

வால்மீன்:
கலிலியோ திரியில் ஓடியது யார் என்று எல்லாருக்கும் தெரியும். நான் தூங்கப் போகிறேன்.

குறுக்குச்சால்:
தாராளமாக. 'வாயை அடைத்தவர்' என்பதை நீக்கிவிட்டுத் தூங்குங்கள்.

வால்மீன்:
நீக்க மாட்டேன்.