ஜிப்ஸிக்கு நீள வீல் ஸ்டட்: 10 மி.மீ. ஸ்பேசருக்கு எவ்வளவு நீளம் வாங்கணும்?

கட்டபெட்டு_ஜிப்ஸி:
வணக்கம். மாருதி ஜிப்ஸி, 235/75 ஆர்15 டயர், அலாய் வீல். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா முன் டயர் உள்பக்கம் லீஃப் ஸ்பிரிங்ல உரசுது. ஸ்டியரிங் ஒடிப்பை நிறுத்துற லாக் போல்ட்டைக் கூட்டிப் பார்த்தாச்சு. உரசல் நின்னுடுச்சு, ஆனா மேட்டுப்பாளையம் இறக்கத்துல கொண்டை ஊசி வளைவை ஒரே மூச்சுல எடுக்க முடியல, ரிவர்ஸ் போட வேண்டியிருக்கு. அதனால வீலை வெளிய தள்ள, ஹப்புக்கும் (வீல் மாட்டுற நடுப்பாகம்) வீலுக்கும் நடுவுல வைக்கற 10 மி.மீ. ஸ்பேசர் வாங்கினேன். போட்டுப் பார்த்தா நட் அஞ்சரை சுத்துதான் ஏறுது. கடைக்காரர் 20 மி.மீ. கூடுதல் நீள ஸ்டட் (நட் ஏறுற வீல் போல்ட்) எடுங்கன்னு சொல்றார். எடுக்கலாமா? லேத்துல செஞ்சு வாங்கினா மலிவா முடியும்னும் ஒருத்தர் சொல்றார். நட் இப்ப இருக்கறது தலை மூடின வகை.

குன்னூர்_பட்டறை:
அஞ்சரை சுத்தோட வண்டியைத் தெருவுக்கே எடுக்காதீங்க. ஸ்பேசரைக் கழட்டி வெச்சுட்டுப் படிங்க.

ஜிப்ஸி ஸ்டட் எம்12, அதாவது 12 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 1.25 மி.மீ. ஸ்டட் எத்தனை மி.மீ. தடிமனோ, குறைஞ்சது அத்தனை மி.மீ. நட்டுக்குள்ள கடிச்சிருக்கணும். அதாவது 12 மி.மீ., சுமார் பத்து சுத்து. உங்களுக்குக் கடிக்கிறது 5.5 × 1.25 = 6.9 மி.மீ. பாதிக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்.

ஸ்டட் 10 மி.மீ. கூடினா 16.9 ஆகும், பதிமூணரை சுத்து. தாராளம். 20 கூடினா 26.9. இங்கதான் மூடின நட் கழுத்தறுக்கும். உள்மரை ஆழம் 24 மி.மீ.னு வெச்சுக்கங்க, ஸ்டட் நுனி நட்டோட கூரையில முட்டி நின்னுடும். முறுக்கு அளவு பார்த்து இறுக்குற டார்க் ரெஞ்ச் 'டிக்'னு சத்தம் போடும், இறுகிடுச்சுன்னு நினைப்பீங்க, ஆனா நட்டோட கூம்பு வீல்ல சரியா உட்காந்தே இருக்காது. நட்டுக்குள்ள வெர்னியர் வாலை விட்டு ஆழத்தை அளந்துட்டு அப்புறம் கடைக்குப் போங்க. இல்லைன்னா திறந்த நட் போடுங்க, ரெண்டு மூணு மரை வெளிய தெரிஞ்சா தப்பில்ல. அழகு குறையும், ஆனா பார்த்த உடனே தெரியும்.

ஊட்டி_மெஷினிஸ்ட்:
மேல அண்ணன் நீளத்தைச் சொல்லிட்டார். நான் நர்லிங்கைச் சொல்றேன், ஏன்னா எல்லாரும் ஏமாறுறது அங்கதான்.

தலைக்குக் கீழ பல் பல்லா இருக்கே, அதுதான் ஸ்டட்டைச் சுத்த விடாமப் பிடிக்குது. மரை ஒண்ணா இருந்தாலும் நர்லிங் விட்டம் வண்டிக்கு வண்டி மாறும். பழைய ஸ்டட் ஒண்ணை வெளிய தட்டி, வெர்னியர்ல நாலு அளவு எடுங்க: நர்லிங் விட்டம், நர்லிங் நீளம், தலை விட்டம், தலைத் தடிமன். பழசோட பல் அழுத்தத்துல தேஞ்சிருக்கும், அதனால ஹப்புல ஸ்டட் ஏறுற ஓட்டையையும் அளந்து ஒப்பிடுங்க. 0.2 மி.மீ. சின்னதா இருந்தாலே போதும், ரெண்டாவது தடவை கழட்டும்போது நட்டோட ஸ்டட்டும் சேர்ந்து சுத்தும். அப்புறம் நட்டை அறுத்துத்தான் எடுக்கணும். பெருசா இருந்தா கோணலா ஏறும், இல்லன்னா பிளாஞ்சுல (ஸ்டட் ஏறுற ஹப் தட்டு) கீறல் விழும். நர்லிங் நீளம் பிளாஞ்ச் தடிமனைத் தாண்டக் கூடாது. தாண்டினா டிரம் முகத்தோட ஒட்டாது.

லேத் ஸ்டட் வேண்டவே வேண்டாம். சாதாரணக் கம்பியைக் கடைஞ்சு மரை வெட்டினா பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். தலையில 10.9 முத்திரை இருக்கறதை வாங்குங்க. அது சூடேத்திப் பதப்படுத்தின எஃகு, மரையும் உருட்டி எடுத்தது. சுத்துற ஸ்டட்டுக்குத் தலையில வெல்டிங் வைக்கிற வழக்கம் சில இடத்துல உண்டு, அந்தச் சூட்டுல பதம் போயிடும். அப்புறம் 10.9 வாங்கியும் புண்ணியமில்ல.

கட்டபெட்டு_ஜிப்ஸி:
நன்றிங்க. மாட்டுறது எப்படி? சுத்தியல்ல தட்டி ஏத்தலாமா?

குன்னூர்_பட்டறை:
ஹப் வண்டியில இருக்கும்போது தட்டாதீங்க, அடி நேரா பேரிங்குக்குப் போகும். பேரிங் ஓடுபாதையில பள்ளம் விழுந்து ஒரு மாசத்துல ஊளையிடும். முன் ஹப்பை இறக்கி பிரஸ்ல கொடுங்க, கீழ வளையம் முட்டுக் கொடுத்து. பின்னாடி டிரம்மைக் கழட்டிட்டு, பிளாஞ்சுக்கும் பின்னாடி இருக்கற பிரேக் பிளேட்டுக்கும் நடுவுல புது ஸ்டட் நுழையுதான்னு பாருங்க. நீளம் கூடினதால நுழையாமப் போகலாம். பிளேட்டை வளைச்சு வழி பண்ணாதீங்க, ஆக்ஸில் ஷாஃப்டையே உருவுங்க. உருவினா ஆயில் சீல் புதுசு.

பிரஸ் இல்லன்னா இழுத்து உட்கார வைக்கலாம். நாலு தடிச்ச வாஷர், நடுவுல சொட்டு எண்ணெய், மேல ஒரு பழைய திறந்த நட் தட்டை முகம் உள்பக்கமா. கைப்பானாவாலேயே இறுக்குங்க, இம்பாக்ட் கன் மரையைத் தின்னுடும். ஏற ஏறக் கனமாவே இருக்கும், தலை பிளாஞ்சைத் தொட்ட உடனே சட்டுன்னு கல்லு மாதிரி நிக்கும். அதுதான் அடையாளம். பின்னாடி டார்ச் அடிச்சு, தலைக்கும் பிளாஞ்சுக்கும் நடுவுல 0.05 மி.மீ. ஃபீலர் தகடு கூட நுழையலன்னு உறுதி பண்ணுங்க. நுழைஞ்சா, ஓடும்போது ஸ்டட் மிச்சத்தைத் தானே இழுத்துக்கும், நட் லூஸாகும்.

மசினகுடி_டிரைவர்:
மரைக்கு லேசா கிரீஸ் தடவினா நல்லதுங்களா? நம்ம பக்கம் மூடுபனியும் மழையும், நட் துருப்பிடிச்சுக் கழலவே மாட்டேங்குது.

ஊட்டி_மெஷினிஸ்ட்:
மரைக்கும் கூம்புக்கும் வேண்டாங்க. கையேட்டுல இருக்கற முறுக்கு அளவு காய்ஞ்ச மரைக்கானது. கிரீஸ் போட்டா உராய்வு குறைஞ்சு, அதே அளவுல ஸ்டட் அதிகமா நீளும். இழுக்கும்போது போட்ட எண்ணெயைக் கூட பெட்ரோல் துணியால துடைச்சுடுங்க. துருவுக்கு வேணும்னா ஹப்போட நடு வளையத்துல மட்டும் மெல்லிசா ஒரு பூச்சு. ஸ்பேசர் உட்கார்ற முகத்தைக் கம்பி பிரஷ்ல பளபளன்னு தேய்ங்க, அங்க ஒட்டியிருக்கற செம்மண்ணும் துருவும்தான் நாலு நாள்ல நசுங்கி நட்டை லூஸாக்குது.

ஸ்டட் நீளம்ங்கறதுக்காக முறுக்கைக் கூட்டவும் வேண்டாம். நட்சத்திர வரிசையில மூணு தவணையா இறுக்குங்க. கோத்தகிரியிலிருந்து ஊட்டி போய் வந்தா சுமார் 60 கி.மீ., அதுக்கப்புறம் ஒரு தடவை சரிபாருங்க. இறக்கம் இறங்கின சூட்டோட பார்க்காதீங்க, டிரம்மும் அலாயும் ஆறட்டும்.

குன்னூர்_பட்டறை:
ஒண்ணு விட்டுப்போச்சு. ஸ்பேசர் நடு ஓட்டை ஹப்போட உரசி உட்காருதான்னு பாருங்க, ஜிப்ஸிக்கு 108 மி.மீ. ஆட்டம் இருந்தா திருப்பிக் கொடுங்க. அஞ்சு மி.மீ. ஸ்பேசர் ரெண்டை அடுக்குறதும் கூடாது. ஸ்பேசர்லயே தனி ஸ்டட் வர்ற வகைக்கு நீள ஸ்டட் தேவையில்ல, ஆனா அது இதைவிட ரொம்பத் தடிமனாத்தான் வரும், உங்களுக்கு டயர் மட்கார்டை விட்டு வெளிய போயிடும்.

கட்டபெட்டு_ஜிப்ஸி:
நட் உள்ளாழம் இப்பதான் அளந்தேன், 23. அப்ப 10 கூடுதல்தான். ஒரு ஸ்டட்டைத் தட்டி எடுத்துட்டு நர்லிங் அளவோட வர்றேன்.